சோழி சும்மா உருளுமா?

எங்கள் ஊர் பீச் ரோட்டில் சாயங்காலமானால் வண்டிகளை விடமாட்டார்கள். மனுஷர்கள் மட்டும் நடக்கலாம். இதனால் டாக்டர் நடக்கச் சொன்ன சர்க்கரை வியாதிக்காரர்கள், இன்னும் டாக்டரிடம் போகாத சர்க்கரை வியாதிக்காரர்கள் (கையில் ஐஸ்கிரீம்), வெளியூர்க் காதலர்கள், உள்ளூர்க் கணவர்கள் என்று சகலரும் தைரியமாக நடுரோட்டில் நடப்பார்கள். நான் நாலாவது வகை. மனைவி முன்னால், மகள் நடுவில், பர்ஸ் பின்னால்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அம்மாள் தரையில் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருந்தார். பேர் எழுதித் தருகிற சங்கு, சிப்பி ஒட்டின கண்ணாடி, கிளிஞ்சல் கொத்து மாலை. ஓரமாக ஒரு குட்டிக் குவியல். மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பளபளவென்று, பீங்கானில் செய்து நெய் தடவின மாதிரி. என் மகள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது பல்லைக் காட்டிச் சிரிக்குதுப்பா!"

சோழி.

"டஜன் அறுபது ரூபா" என்றார் கடைக்கார அம்மாள்.

"எதுத்தாப்பலயே கடல். பொறுக்கி எடுத்து வெச்சிட்டு அறுபதா? நாப்பதுக்குக் குடுங்கம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கடல்ல போயி நீயே பொறுக்கிட்டு வாயேன் தம்பி, பாக்கலாம். பாறாங்கல்லுதான் இருக்கும். இது ராமேஸ்வரத்துச் சரக்கு. பஸ் சார்ஜ் யாரு குடுப்பா?"

நியாயம்தான். நம் பக்கத்துக் கடலில் மணல் வருஷாவருஷம் தெற்கிலிருந்து வடக்கே ஊர்வலம் போகும். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். மணல் அங்கேயே நின்றுவிட்டது. ஊருக்கு எதிரே இருந்ததைக் கடல் தின்றது. பீச் ரோட்டைக் காப்பாற்றப் பாறாங்கல்லாகக் கொட்டினார்கள். ஆக, ஒரு தலைமுறைக்குப் புதுச்சேரி பீச் என்றால் மணல் இல்லாத பீச். அப்புறம் கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மணல் வந்தது. சோழி இன்னும் பஸ்ஸில்தான் வருகிறது.

ஐம்பது ரூபாய்க்கு முடிந்தது. பணம் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் பி.காம்.

*

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "இதுக்குள்ள யாருப்பா இருந்தாங்க?"

அப்பாக்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளில் இதுவும் ஒன்று. அவள் தூங்கின பிறகு படித்து வைத்துக்கொண்டு, காலையில் ஏற்கெனவே தெரிந்த மாதிரி சொன்னேன்.

உள்ளே இருந்தது ஒரு கடல் நத்தை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆழமில்லாத கடலில் பவளப்பாறை இடுக்குகளில் இருந்துகொண்டு பாசி தின்கிறது. மன்னார் வளைகுடாவில் உண்டு, லட்சத்தீவில் உண்டு, மாலத்தீவில் கொள்ளை கொள்ளையாக உண்டு. உயிரோடு இருக்கும்போது அதன் உடம்பிலிருந்து மெல்லிய சதை மடல் இரண்டு பக்கமும் மேலேறி ஓட்டை மூடிக்கொள்ளும். அந்தப் பளபளப்பின் ரகசியம் அதுதான். ஆயுசு முழுக்கத் தன் வண்டிக்குத் தானே பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிற பிராணி.

இன்னொன்று. சின்ன வயசில் இதன் ஓடு சாதாரண நத்தை ஓடு மாதிரிதான் இருக்கும். பெரிதானதும் ஓட்டின் உதடு உள்பக்கமாகச் சுருண்டு பல் வைத்துக்கொள்ளும். அதற்குமேல் நீளம் வளராது. கனம்தான் கூடும். நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இது ரொம்பப் பழக்கமான சமாசாரம்.

1758-ல் லின்னேயஸ் என்கிற ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தபோது 'மொனேட்டா' என்று வைத்தார். லத்தீனில் பணம். ஒரு பிராணிக்கே பணம் என்று பேர் வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா? சோழியன் குடுமி சும்மா ஆடாது. சோழியும் சும்மா உருளாது.

காலேஜில் எங்கள் பொருளாதார லெக்சரர், நல்ல பணத்துக்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று ஒரு லிஸ்ட் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். உழைக்க வேண்டும். கையில் எடுத்துப் போகிற மாதிரி இருக்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். கள்ளத்தனமாய்ச் செய்ய முடியக் கூடாது. பரீட்சையில் பத்து மார்க். அந்த லிஸ்டை இந்தச் சோழிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரையான் அரிக்காது, துரு பிடிக்காது, சட்டைப் பையோடு லாண்டரிக்குப் போனாலும் முழுசாய்த் திரும்பி வரும். கள்ளச் சோழி அடிக்கிற மெஷின் கிடையாது. அடித்தாலும் கட்டுப்படியாகாது. ரிசர்வ் பாங்க் கவர்னர் கையெழுத்துக்கூட வேண்டாம். சிரித்துக்கொண்டே செலவாகும்.

அதனால்தான் சீனத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே இதை மதிப்பான பொருளாக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் சீன எழுத்தில் வாங்கு, விற்பனை, செல்வம் என்பதற்கெல்லாம் பழைய வடிவத்தில் உள்ளே ஒரு சோழிக் குறி உட்கார்ந்திருக்கும். வங்காளத்திலும் ஒரிசாவிலும் சந்தைச் சில்லறையே சோழிதான். நாலு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பணம், பதினாறு பணம் ஒரு காஹன். நாலு காஹன், அதாவது 5,120 சோழி, ஒரு வெள்ளி ரூபாய். நம் ஊரில் வராகனும் பணமும் காசும் புழங்கின. சோழி பல்லாங்குழியிலும் தாயத்திலும் சித்த வைத்தியர் பெட்டியிலும் இருந்தது. வைத்தியர்கள் இதைப் பலகறை என்பார்கள். சுட்டுப் பற்பம் செய்வார்கள்.

சரக்கு வந்த இடம் மாலத்தீவு. ராஜராஜ சோழன் பன்னீராயிரம் தீவை ஜெயித்ததாக மெய்க்கீர்த்தியில் வருகிறதே, அதை இந்த மாலத்தீவு என்றுதான் சொல்கிறார்கள். 1343-ல் அங்கே போய் இறங்கிய இபின் பதூதா, ஒரு தங்க தினாருக்கு நாலு லட்சம் சோழி, சமயத்தில் பன்னிரண்டு லட்சம்கூடக் கிடைக்கும் என்று எழுதி வைத்தார். அதே மனுஷர் பிற்பாடு மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி தேசத்துக்குப் போனபோது அங்கே ஒரு தினாருக்கு 1,150 சோழிதான். வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! காமர்ஸ் படித்தவனுக்கு இதைப் படிக்கும்போது நாக்கில் ஜலம் ஊறும். எனக்கும் ஊறியது. அந்த முந்நூறு மடங்கு எங்கே போய் நின்றது என்று தெரிந்தபோதுதான் வற்றியது. அதற்கு முன்னால் வீட்டுக் கதை ஒன்று.

*

என் மனைவிக்கு ஒரு தம்பி. இருபத்துநாலு வயசு. அவனும் பி.காம். இரண்டு வருஷமாக வேலை தேடுகிறான். பையன் தங்கம். ஆனால் தங்கத்தை அடகுக் கடையில் வாங்குவார்கள், பி.காமை வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

புதுச்சேரியில் வேலை இல்லாத பையனாக இருப்பதில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. தெருவுக்கு நாலு பேர் பாரிஸில் இருப்பார்கள். 1962 ஆகஸ்டில் பிரான்ஸும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரன்கள் வருஷத்துக்கு ஒருமுறை சென்ட் வாசனையோடு வந்து இறங்குகிறார்கள். என் மனைவி வீட்டுத் தாத்தா அந்த ஆறு மாசமும் திண்ணையில் உட்கார்ந்து, போடலாமா வேண்டாமா என்று யோசித்தாராம். ஏழாவது மாசம், போடலாம் என்று முடிவெடுத்தாராம்.

ஆகவே, மச்சினனுக்கு வாட்ஸப்பில் ஒரு வேலை வந்ததும் வீடே எழுந்து உட்கார்ந்தது. தாய்லாந்து. டேட்டா என்ட்ரி. மாசம் எழுபதாயிரம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டான். முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்துவிட வேண்டும், பிறகு அங்கே மாற்றிக்கொள்ளலாம். "இன்னும் ரெண்டே ஸீட்தான் ப்ரோ."

மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். அதைத் தீர்க்க ஒரு ஜோசியரிடம் போனார். அவர் பலகையில் கட்டம் போட்டு, கை நிறையச் சோழியை எடுத்துக் குலுக்கி உருட்டினார். மல்லாந்தது எத்தனை, குப்புற விழுந்தது எத்தனை என்று எண்ணினார். கண்ணை மூடினார். திறந்தார்.

"தண்ணி தாண்டின யோகம்மா. சத்தியமா இருக்கு."

அன்றைக்கு ராத்திரியே மாமனார் எனக்கு போன் செய்தார். "மாப்ளே, நகைய வெச்சா ஒரு லட்சம் வருது. மீதி அம்பது நீங்க பாத்தீங்கன்னா…"

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலையின் மேல் சந்தேகம் வந்தது. எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கிற தேசத்தில் கம்ப்யூட்டரே கிடையாதா என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும், "சரி மாமா, பாத்துக்கலாம்" என்றேன். அவன் போய்விட்டால் என் வண்டியில் பெட்ரோல் குறையாது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறி மிச்சமாகும் என்று உள்ளுக்குள் ஒரு ஓரம் கணக்குப் போட்டது. வருவதைப் பற்று வை, போவதை வரவு வை. படித்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

*

விட்ட இடத்துக்கு வருகிறேன். மகளுக்காக ஆரம்பித்த படிப்பு என்னை விடவில்லை. தினம் ராத்திரி பத்து மணிக்கு மேல் சோழியும் நானும்.

1602-ல் பிரான்ஸுவா பிரார் என்கிற பிரெஞ்சுக்காரர் போன கப்பல் மாலத்தீவுப் பாறையில் மோதி உடைந்தது. ஐந்து வருஷம் அங்கேயே மாட்டிக்கொண்டார். சோழி எடுக்கிற விதத்தை அவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பொறுக்குவார்களாம். மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் நத்தை அழுகினதும் கழுவி மூட்டை கட்டுவார்கள். ஒரே வருஷத்தில் முப்பது நாற்பது கப்பல் நிறையச் சோழி வங்காளத்துக்குப் போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார். பதிலுக்கு வங்காளத்திலிருந்து அரிசி வரும். இதுவரை சரி. அரிசிக்குச் சோழி, நல்ல வியாபாரம்தான்.

அப்புறம் ஐரோப்பியக் கம்பெனிகள் வந்தன. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரம் வேண்டுமே, அதற்கு மூட்டை மூட்டையாய்ச் சோழியைப் போட்டார்கள். ஐரோப்பாவில் இறக்கி ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்கள் அதையே இன்னொரு கப்பலில் ஏற்றி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே இபின் பதூதா காலத்திலிருந்தே சோழி செல்லும். சோழியைக் கொட்டி மனுஷர்களை வாங்கினார்கள்.

ஆமாம், மனுஷர்களை. 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் மட்டும் ஆப்பிரிக்கக் கரையில் கொண்டுபோய்க் கொட்டியது ஆயிரம் கோடிச் சோழி என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாலிபனின் விலை பல பத்தாயிரம் சோழி. நூற்றாண்டு முடிவதற்குள் அது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒன்றரை லட்சம் என்று எங்கேயோ சமீபத்தில் கேட்ட மாதிரி இருந்தது.

நம் ஊர் மட்டும் ஒதுங்கி நிற்கவில்லை. பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் இந்தப் பக்கத்துத் துணியையும் இந்துமகா சமுத்திரத்துச் சோழியையும் லோரியான் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கின. புதுச்சேரியில் சாயம் போட்ட நீலத்துணிக்குப் பேரே 'கினே'. ஆப்பிரிக்காவின் கினிக் கரையை வைத்து வந்த பேர். சோழியும் இந்தத் துணியும் ஒரே வியாபாரத்தின் இரண்டு கை.

துணி மட்டுமா போயிற்று? மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு இங்கிருந்து ஆட்களையே அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள். நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதினாரே, அதில் 1743-ஆம் வருஷத்தில் ஒரு விவகாரம் வருகிறது. ஆட்களை நயமாகப் பேசி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய், அடைத்து வைத்து, கப்பலில் அடிமைகளாக ஏற்றிய ஒரு கூட்டம் அகப்பட்டுக்கொண்ட கதை. 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. ஐந்தே வருஷத்தில், 1853-ல், ஒப்பந்தக் கூலி என்கிற புதுப் பெயரில் இங்கிருந்து மார்த்தினிக் தீவுக்கு ஆட்கள் போக ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் குவாதலூப்.

மணி ஒன்று. நயமாகப் பேசி. 'இன்னும் ரெண்டே ஸீட்தான் ப்ரோ.'

கம்ப்யூட்டரை மூடினேன். திரும்பத் திறந்தேன். தாய்லாந்து வேலை என்று தேடினேன். வந்து விழுந்தது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அடைத்து வைத்து, ஆன்லைனில் ஊரை ஏமாற்றுகிற வேலையைச் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் அடி. அந்த அக்டோபரில் தமிழ்நாட்டுப் பையன்கள் பதிமூன்று பேர் மீட்கப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகும் கம்போடியா, லாவோஸ் என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

*

மறுநாள் சாயங்காலம் மச்சினனை பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காந்தி சிலையில் ஆரம்பித்து டூப்ளே சிலை வரைக்கும் நடந்தோம். வழி நெடுக நான் பேசினேன். இபின் பதூதா, லோரியான், ரங்கப் பிள்ளை, மியாவாடி. அவன் ஒன்றும் பேசவில்லை. டூப்ளே துரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கும் சந்தேகம்தான்" என்றான் கடைசியில்.

"அப்புறம் ஏன்டா போறேன்னே?"

"வீட்ல சும்மா உக்காந்து சாப்டறதுக்கு அதுவே பரவால்லன்னு தோணிச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "போன தீபாவளிக்கு நீங்க சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் சாப்ட்டுட்டு இருக்கும்போது. 'நம்ம வீட்ல ஒரு செல்லாக்காசு இருக்கு, அதை எந்த பாங்க்லயும் மாத்த முடியாது'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

ஞாபகம் இருந்தது. அந்த ஜோக்குக்கு அன்றைக்கு நல்ல வரவேற்பு. அப்புறம் ஆபீஸிலும் சொன்னேன்.

வாழ்க்கையில் நான் எழுதின, சொன்ன எத்தனையோ ஜோக்குகள் யார் காதிலும் விழாமல் போயிருக்கின்றன. இது மட்டும் விழுந்து, ஒரு பையனைத் தாய்லாந்து வரைக்கும் தள்ளப் பார்த்திருக்கிறது. பீச் காற்றிலும் எனக்கு வேர்த்தது.

பணம் பற்றி ஒரு வாரமாகப் படிக்கிறேனே, அதில் இருந்த ஒரே பாடம் இதுதான். காசு செல்லாமல் போவது காசின் குற்றமில்லை. ஒரிசாவை 1803-ல் பிடித்த இங்கிலீஷ் கம்பெனி, வரியைச் சோழியில் வாங்க மாட்டோம், வெள்ளியில் கட்டு என்றது. கூடை கூடையாய்ச் சோழி வைத்திருந்த விவசாயி செல்லாக்காசுக்காரன் ஆனான். 1817-ல் அங்கே பைக்கர்கள் கலகம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். சோழி அதே சோழிதான். அதே பளபளப்பு, அதே பல். கவுண்டரில் இருந்தவன் மாறினான், அவ்வளவுதான். நாமே 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை வைத்துக்கொண்டு பாங்க் வாசலில் நின்றவர்கள்தானே? ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் 1965-ல் புதுப் பணம் வெளியிட்டபோது, அதற்குப் பெயர் 'செடி' என்று வைத்தார்கள். அவர்கள் பாஷையில் சோழி. செல்லாமல் போனது திரும்பவும் செல்லுபடியாகிறது.

இதை அவனிடம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "தப்புடா. மன்னிச்சுக்க" என்று மட்டும் சொன்னேன். மச்சினனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்த சிலபஸிலும் இல்லை. அவன், "அய்யய்ய, விடுங்க மாமா" என்று டூப்ளேயைப் பார்த்துக்கொண்டான்.

அங்கேயே நின்று ஏஜெண்டுக்கு போன் போடச் சொன்னேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டுகள் 1983-ஆம் வருஷச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் அவர்கள் லிஸ்ட் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜாக முப்பதாயிரம் ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி., அவ்வளவுதான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் என்று எவன் கேட்டாலும், டூரிஸ்ட் விசாவில் வா என்று எவன் சொன்னாலும், அவன் உங்களுக்கு வேலை தேடவில்லை. உங்களைத் தேடுகிறான். ஆபீஸில் பக்கத்து ஸீட்காரரின் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மச்சினன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க ப்ரோ! அமவுண்ட் ரெடியா?"

"ரெடிங்க. உங்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் மட்டும் சொல்லுங்க. இ-மைக்ரேட்ல பாத்துக்கறேன்."

இரண்டு செகண்ட் அமைதி. "ப்ரோ, நம்பிக்கை இல்லாம இதெல்லாம் பண்ண முடியாது. நூறு பேர் வெயிட்டிங்."

"நூத்தியோராவது ஆளா நின்னுக்கறேங்க. நம்பர்?"

போன் கட். பத்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் அந்த ஆளின் கோட்டு சூட்டுப் போட்டோவும் மறைந்துவிட்டது. ஒன்றரை லட்ச ரூபாய் யோகம் ஒரு நம்பருக்குத் தாங்கவில்லை.

*

என் ஐம்பதாயிரம் தப்பித்தது என்று நினைப்பீர்கள். பாதி சரி. அதில் பதினெட்டாயிரத்தைக் கட்டி அவனை டாலி, ஜி.எஸ்.டி. கோர்ஸில் சேர்த்தேன். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்த நாலு கடைக்காரர்களிடம் போய், "இந்தப் பையன் என் மச்சினன், கணக்கில் கெட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷத்தில் நான் இதை ஒருமுறைகூடச் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜோக் சொல்ல மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

நாலில் ஒன்று பலித்தது. அரியாங்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடை. பில் போட, கணக்கு எழுத. சம்பளம் பதினாலாயிரம். எழுபதாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வந்து ரசம் சரியில்லை என்று சண்டை போடலாம். போன திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு சைக்கிளில் கிளம்பிப் போனான்.

மாமியார் அன்றைக்கே ஜோசியரிடம் போய்த் தட்டில் நூற்றியோரு ரூபாய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எதுக்கு அத்தை? வெளிநாடுதான் இல்லேன்னு ஆயிடுச்சே?" என்றேன்.

"அவரு எங்க மாப்ளே வெளிநாடுன்னு சொன்னாரு? தண்ணி தாண்டின யோகம்னுதானே சொன்னாரு. அரியாங்குப்பத்துக்கு ஆத்துப் பாலத்தைத் தாண்டித்தானே போவணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சோழி ஜெயித்துவிட்டது.

மகள் அந்தச் சோழிகளோடு புளியங்கொட்டையும் சேர்த்துப் பல்லாங்குழி ஆடுகிறாள். பன்னிரண்டு வாங்கினேன், பதினொன்றுதான் இருக்கிறது. ஒன்றை அவள் மாமாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். முதல் நாள் வேலைக்குப் போகும்போது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.

"எதுக்குடா?" என்று கேட்டேன்.

"சில்லறை இல்லாட்டி ஆவும் மாமா" என்றான்.

இந்த ஜோக் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.